மதுரை இருக்கு, கோவையைக் காணோம்



இந்த வார எபிசோடில் பழைய ஸ்கிரிப்டிங் மொழிகளைப் பற்றிப் பேசும்போது, பெர்ல் மொழியோட ஆவணங்களிலேயே எனக்குப் பிடித்தது 'பெர்ல்போர்ட்' என்ற பக்கம் என்று சொல்லிவிட்டு, நேரம் இல்லாமல் அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டேன். அந்தப் பக்கத்தில் அப்படி என்ன இருக்கு, அதற்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்பதை இந்த மடலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

சொல்ல வருவது இதுதான். எழுத்தைக் கையாளும் ஒரு மொழி எல்லா ஓஎஸ்ஸிலும் ஓடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த ஓஎஸ்ஸில் எது மாறி ஓடும் என்று உட்கார்ந்து எழுதி வைப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். பெர்ல்காரர்கள் அதைச் செய்தார்கள். தமிழ்க் கோப்புகளை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்றுக்கும் நடுவே தினமும் அனுப்பிக்கொண்டிருக்கும் நாம் அதை இன்னும் செய்யவில்லை. செய்யாததால் தொலைவது நம்ம கோப்புகள்.

பெர்ல் இன்னுமா உயிரோடு இருக்கு?

முதலில் இந்தக் கேள்வியை முடித்துவிடுவோம். லாரி வால் 1987 டிசம்பரில் வெளியிட்ட மொழி அது. இன்றைக்கு யாரும் புதிதாக அதில் ஸ்டார்ட்-அப் தொடங்குவதில்லை, உண்மைதான். ஆனால் டெபியன் லினக்ஸின் அடிப்படைப் பொதிகளில் பெர்ல் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு டெபியனை ஓட்ட முடியாது. கிட்டில் மெயில் வழியாகப் பேட்ச் அனுப்பும் கட்டளை பெர்லில் எழுதப்பட்டது. லட்சம் வரி டெக்ஸ்டை ஒரே வரிக் கட்டளையில் சலித்தெடுக்க இன்னமும் அதைத் தேடிப் போகிற ஆட்கள் நம்ம கேட்பவர்களிலேயே இருக்கிறார்கள். அதனால் இரங்கல் செய்தி எழுதத் தேவையில்லை. அதை விட முக்கியம், இங்கே நான் பேசுவது மொழியைப் பற்றியே இல்லை. அதன் ஆவணத்தைப் பற்றி.

ஒரு வரி எங்கே முடிகிறது?

பெர்ல்போர்ட், 1998இல் வந்த 5.005 பதிப்போடு சேர்ந்து வந்த பக்கம். தொடங்கி வைத்தவர் கிறிஸ் நேண்டர். அவர் பழைய மேக் கணினிகளுக்கான மேக்பெர்ல் பக்கத்து ஆள். இதைக் கவனியுங்க, பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

பக்கம் தொடங்குவதே புதுவரியில்தான். டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரி முடிந்தது என்பதற்கு யூனிக்ஸ் குடும்பம் 10 என்ற ஒரே எண்ணை வைத்தது, அதுதான் லைன் ஃபீட். டாஸ், விண்டோஸ் 13, 10 என்று இரண்டு எண்களை வைத்தன. கேரேஜ் ரிட்டர்ன், பிறகு லைன் ஃபீட். பழைய மேக் 13 மட்டும் போதும் என்றது. டெலிபிரிண்டர் காலத்துச் சண்டை, இன்னும் முடியவில்லை.

பெர்லில் 'புதுவரி' என்று ஒரே ஒரு குறி எழுதுகிறோம். அது எல்லா இடத்திலும் 10 தான் என்று நம்பாதே என்கிறது பெர்ல்போர்ட். விண்டோஸில் நினைவகத்தில் 10 ஆக இருக்கும், கோப்பில் எழுதும்போது 13, 10 ஆக மாறும், படிக்கும்போது மறுபடி 10 ஆகும். மேக்பெர்லில் அந்தக் குறியே 13. அப்படியென்றால் நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு வரி அனுப்பும்போது என்ன பண்ணுவது? இணைய நெறிமுறைகள் பெரும்பாலும் 13, 10 என்று கேட்கின்றன. எனவே அங்கே குறியை நம்பாமல் எண்ணையே எழுது என்று பக்கம் சொல்லித் தருகிறது. படம், ஜிப் மாதிரி பைனரிக் கோப்பு என்றால் இந்த மாற்றமே நடக்கக் கூடாது, அதற்கு 'பின்மோட்' போடு என்கிறது.

இது எல்லாம் பழங்கதை என்று தோன்றினால் ஒரு தமிழ் உதாரணம். விண்டோஸ் நோட்பேடில் ரொம்ப காலம் 'யூனிகோட்' என்று சேமித்தால் அது யூடிஎஃப்-16 ஆகத்தான் சேமித்தது. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் இரண்டு பைட். விண்டோஸ் பெர்லில் யூடிஎஃப்-16 என்று மட்டும் சொல்லி ஒரு கோப்பை எழுதத் திறந்தால், புதுவரியை மாற்றும் அடுக்கு குறியாக்கத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வரி முடியும்போதெல்லாம் 10க்கு முன்னால் 13 என்று ஒற்றை பைட்டை அது நுழைக்கும். ஜோடி ஜோடியாகப் படிக்க வேண்டிய பைட்டுகள் ஒன்று தள்ளிப் போய்விடும். விளைவு என்ன தெரியுமா? முதல் வரி அழகான தமிழ். இரண்டாவது வரி சீனமும் கொரியமும் கலந்த மாதிரி ஏதோ ஒன்று. அந்த வரி முடிவில் இன்னொரு 13 நுழைவதால் ஜோடி மறுபடி நேராகி, மூன்றாவது வரி தமிழ். நான்காவது மறுபடி கொரியம். ஒரு வரி விட்டு ஒரு வரி கெட்டுப்போன கோப்பைப் பார்த்தவர்கள் ஃபான்ட் சரியில்லை என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஃபான்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுக்கு வரிசையை மாற்றி, முதலில் மாற்றம் எதுவும் இல்லாமல் திறந்து, அதன்மேல் குறியாக்கம், அதற்கும் மேலே புதுவரி மாற்றம் என்று வைத்தால் சரியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும்.

விசித்திரங்களின் பட்டியல்

புதுவரி தாண்டினால் பக்கம் இன்னும் சுவாரஸ்யம்.

விஎம்எஸ் என்ற ஓஎஸ்ஸில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழைய பதிப்பும் அப்படியே இருக்கும், எண் போட்டு. அங்கே ஒரு முறை அழித்தால் கடைசிப் பதிப்பு மட்டும் போகும், முந்தையது வந்து நிற்கும். அதனால் 'அழிக்க முடிகிறவரை அழித்துக்கொண்டே இரு' என்று ஒரு வரி வளையத்தைப் பரிந்துரைக்கிறது பெர்ல்போர்ட். ரிஸ்க் ஓஎஸ்ஸில் ஃபோல்டர்களைப் பிரிப்பது புள்ளி. நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அங்கே சாய்கோடு வரும். நமக்கு அப்படியே தலைகீழ். யூனிக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது, பழைய மேக் 1904 ஜனவரி 1இலிருந்து எண்ணியது. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் எப்சிடிக் குறியாக்கத்தில் ஆங்கில எழுத்துகள் அடுத்தடுத்து இருப்பதில்லை. ஒன்பதாவது எழுத்துக்கும் பத்தாவது எழுத்துக்கும் நடுவே இடைவெளி உண்டு. எண்கள் எழுத்துகளுக்குப் பின்னால் வரும். ஆஸ்கி வரிசையை மனதில் வைத்து எழுதிய வரிசைப்படுத்தல் எல்லாம் அங்கே வேறு விடை தரும்.

அதற்கு அப்புறம் ஒவ்வொரு செயற்கூறாகப் பட்டியல் வருகிறது. கோப்பின் உரிமையாளரை மாற்றும் கட்டளை விண்டோஸில் எதுவும் செய்யாது, ஆனால் தோல்வி என்றும் சொல்லாது. எனக்கு அந்தப் பக்கத்திலேயே மிகவும் பயனுள்ள வரி இதுதான். பிழை வந்தால் கண்டுபிடிக்கலாம். வேலை நடக்காமலே 'ஆச்சு' என்று சொல்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது? யாராவது முன்னாடியே எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

ஓஎஸ்ஸின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒரு மாறி இருக்கிறது. அதன் மதிப்புகளுக்கு அட்டவணையே போட்டிருக்கிறார்கள். 64-பிட் விண்டோஸிலும் அது 'எம்எஸ்வின்32' என்றுதான் சொல்லும். பெயரில் 'வின்' இருந்தால் விண்டோஸ் என்று குறுக்குவழியில் சோதிப்பவர்கள், மேக்கில் அந்த மாறியின் மதிப்பு 'டார்வின்' என்பதைப் பார்த்ததும் தலையில் கை வைப்பார்கள். அதிலும் 'வின்' இருக்குல்ல!

ஏன் இதை நல்ல ஆவணம் என்கிறேன்

மூன்று காரணம்.

ஒன்று, எல்லா ஸ்கிரிப்டும் எல்லா ஓஎஸ்ஸிலும் ஓடியே ஆகணும் என்று அது அடம் பிடிப்பதில்லை. உன் வேலை ஒரே கணினியில்தான் என்றால் அப்படியே எழுது, பரவாயில்லை. ஆனால் அது நீயே எடுத்த முடிவாக இருக்கட்டும் என்கிற தொனி. பயமுறுத்தாத ஆவணத்தைத்தான் ஆட்கள் படிப்பார்கள்.

இரண்டு, இறந்துபோனவற்றையும் கணக்கில் வைத்திருக்கிறது. ஆதரவு நிறுத்தப்பட்ட ஓஎஸ்கள் எந்தப் பெர்ல் பதிப்போடு போயின என்று பட்டியல் இருக்கிறது. பழைய மேக் ஓஎஸ் 8, 9 ஆகியவை 5.12ஓடு போயின. விண்டோஸ் 95, 98, எம்இ, என்டி4 எல்லாம் 5.14ஓடு. போனது திரும்பியும் வரலாம். எப்சிடிக் மெயின்ஃபிரேம் ஆதரவு இடையில் தேய்ந்துபோய், 2015இல் வந்த 5.22இல் மறுபடி உயிர் பெற்றது.

மூன்று, அதை எழுதியவர்கள் யார் என்பது. யூனிக்ஸில் மட்டும் வேலை செய்பவருக்கு வேறுபாடே கண்ணில் படாது. அவருக்கு அது 'இயல்பு'. மேக்பெர்ல், விஎம்எஸ், விண்டோஸ், மெயின்ஃபிரேம் என்று ஓரத்தில் இருந்தவர்களுக்குத்தான் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் எங்கே உடைகிறது என்று தெரிந்தது. வேறுபாட்டை எழுதி வைக்க வேண்டும் என்ற தேவை ஓரத்திலிருந்துதான் கிளம்புகிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவர் அதை எழுதித் தருவார் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்கணும்.

இன்னொரு நல்ல மாதிரி ஜிஎன்யூ ஆக்கின் கையேடு. தெளிவில்லாத, இடத்துக்கு இடம் மாறக்கூடிய நடத்தைகளை அது 'இருட்டு மூலை' என்று அடையாளம் போட்டுக் காட்டுகிறது. அச்சுப் பதிப்பில் ஓரத்தில் ஒரு டார்ச் லைட் படமே போட்டிருப்பார்கள். பைத்தான் ஆவணத்தில் பல செயற்கூறுகளின் கீழ் எந்தெந்த ஓஎஸ்ஸில் கிடைக்கும் என்று ஒரு வரி இருக்கும். சின்ன வரிதான், ஆனால் எத்தனை மணி நேரம் மிச்சம்!

குறை இல்லையா என்றால் இருக்கிறது. இந்தக் குறிப்பு எந்த வருடம், எந்தப் பதிப்பில் சரிபார்க்கப்பட்டது என்று பெர்ல்போர்ட்டில் பல இடங்களில் தெரியாது. படிப்பவர் இது இன்றைக்கும் உண்மையா என்று தானே சோதித்துப் பார்க்கணும். அதை ஓரளவு ஈடு செய்வது சிபான் டெஸ்டர்ஸ் என்ற தன்னார்வக் கூட்டம். உலகம் முழுக்கப் பல ஓஎஸ்களில் பெர்ல் தொகுதிகளின் சோதனைகளை ஓட்டி, எதில் தேறியது எதில் விழுந்தது என்று அறிக்கை போடுகிறார்கள். ஆவணம் காரணத்தைச் சொல்கிறது, சோதனை இன்றைய நிலவரத்தைச் சொல்கிறது. இரண்டும் வேணும்.

இப்போ தமிழுக்கு வருவோம்

ஒரு ஃபோல்டரில் ஊருக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்வோம். மதுரை, கோவை, யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கப்பூர், டொரண்டோ, லண்டன். மேக்கில் ஒருவர் உருவாக்குகிறார், பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க். இன்னொருவர் லினக்ஸில் பெர்ல் ஸ்கிரிப்ட் எழுதி, தன் பட்டியலோடு ஒப்பிடுகிறார். விடை: மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன் இருக்கின்றன. கோவை, கொழும்பு, டொரண்டோ மூன்றையும் காணோம். திரையில் பார்த்தால் ஏழும் இருக்கின்றன, ஒரு எழுத்து வித்தியாசம் கிடையாது.

காரணம் ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள். யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று; அல்லது ககரத்துக்குப் பின் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்று. முதல் வடிவத்தில் 'கோவை' 4 குறியெண், யூடிஎஃப்-8இல் 12 பைட். இரண்டாவதில் 5 குறியெண், 15 பைட். ஹெச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களை எப்போதும் பிரித்து வைக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், எதையும் தொடாது. 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தைக் காப்பாற்றும், ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். பழைய டிஸ்க்கிலிருந்து வந்த கோப்புகள் பிரிந்த பெயரோடேயே பயணம் செய்யும். ஐகாரத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது ஒரே குறிதான், பிரியாது. அதனால்தான் மதுரை தப்பித்தது.

எல்லாக் கோப்பும் உடைந்தால் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். சில ஊர் மட்டும் உடைவதுதான் ஆபத்து. ஒத்திசைக்கும் ஸ்கிரிப்ட், கோவை இல்லை என்று நினைத்து இன்னொரு கோவையைப் படியெடுக்கும். லினக்ஸில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு கண் முன்னே நிற்கும். யாரோ ஒருவர் 'டூப்ளிகேட்' என்று ஒன்றை அழிப்பார். எது திருத்திய பதிப்பு, எது பழசு? அங்கேதான் இழப்பு.

தீர்வு இல்லாமல் இல்லை. ஒப்பிடும் முன் இரண்டு பக்கப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர, பெர்லோடேயே 'யூனிகோட் நார்மலைஸ்' தொகுதி வருகிறது. கிட்டில் மேக்குக்கென்றே இதற்கு ஓர் அமைப்பு 2012இல் சேர்க்கப்பட்டது. ஆர்சிங்கில் மேக் பெயர்களை மாற்றித் தரும் வசதி இருக்கிறது. மருந்து கடையில் இருக்கு. நோயின் பெயர் தெரியாததால் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

விண்டோஸ் கதை வேறு. பல மொழிகளுக்கு 'ஆன்சி கோட் பேஜ்' என்று ஒரு பழைய பட்டியல் விண்டோஸில் உண்டு. தமிழுக்கு அது கிடையவே கிடையாது, யூனிகோட் மட்டும்தான். பெர்லின் கோப்புத் திறத்தல், ஃபோல்டர் படித்தல் எல்லாம் விண்டோஸில் அந்தப் பழைய வழியாகப் போகின்றன. விளைவு, தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகவோ, 8.3 குறும்பெயராகவோ வந்து நிற்கும். கட்டளை வரியில் கொடுத்த தமிழ்ச் சொல்லும் கேள்விக்குறிதான். ஒரு ஜெர்மன்காரருக்கு இது பாதிக்குப் பாதி வேலை செய்யும், அவர் மொழிக்குக் கோட் பேஜ் இருக்கிறது. நமக்கு முழுசாகச் செய்யாது. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து ஒரு நிரல் தனக்கு யூடிஎஃப்-8தான் கோட் பேஜ் என்று அறிவித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அதை அறிவிக்க வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்கணும்.

கடைசியாக ஒன்று. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? பள்ளிக்கூடத்துப் பிள்ளை 3 என்று சொல்லும். யூனிகோட் குறியெண்கள் 5. யூடிஎஃப்-8 பைட்டுகள் 15. ஆக் மொழியில் கேட்டால் விடை எந்த ஆக் என்பதைப் பொறுத்தது. டெபியன் குடும்பத்தில் கூடவே வரும் மாக் 15 என்று சொல்லும். ஜிஎன்யூ ஆக், யூடிஎஃப்-8 சூழலில் 5 என்று சொல்லும். அதே ஜிஎன்யூ ஆக்கை மொழிச் சூழல் எதுவும் இல்லாத கிரான் வேலையில் ஓட்டினால் 15. மூல ஆசிரியர்களில் ஒருவரான பிரையன் கெர்னிஹன் தன்னுடைய ஆக்கில் யூடிஎஃப்-8 ஆதரவைச் சேர்த்ததே இந்தப் பத்தாண்டில்தான். எங்கேயும் 3 வராது. பெர்லில் எழுத்துக் கூட்டங்களாக எண்ணச் சொன்னால் மட்டும் 3 வரும். இருபது எழுத்தில் பெயரை வெட்டு என்று எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு கணினியில் முழுப் பெயரைக் காட்டும், இன்னொன்றில் எழுத்தின் நடுவிலேயே வெட்டிக் குப்பையாக்கும்.

'இதுக்கெல்லாம் எதுக்குப் பக்கம்?'

எதிர்வாதங்கள் எனக்கும் தெரியும்.

"இப்போ எல்லாம் கன்டெய்னர்தானே, எங்கே ஓட்டினாலும் உள்ளே லினக்ஸ்தான்." உள்ளே லினக்ஸ்தான், சரி. ஆனால் கோப்புகள் வெளியே இருக்கின்றன. மேக்கின் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் இணைத்தால், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத மேக்கின் குணமும், பிரிந்த பெயர்களும் கூடவே உள்ளே வரும்.

"நல்ல லைப்ரரி பார்த்துக்கும்." ஃபோல்டர் பிரிக்கும் குறியை லைப்ரரி பார்த்துக்கொள்ளும், ஒத்துக்கொள்கிறேன். அந்த லைப்ரரியை எழுதியவர் வேறுபாட்டை எங்கே படித்தார்? யாரோ எழுதி வைத்ததில்தான். தமிழ் வேறுபாட்டை யாரும் எழுதாவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளும் லைப்ரரியும் வராது.

"ஏஐகிட்ட கேட்டா சொல்லிடும்." நானும் கேட்கிறேன், நிறைய நேரம் நன்றாகவே சொல்கிறது. ஆனால் அதுவும் யாரோ எழுதியதைப் படித்துத்தான் கற்றது. புதுவரிச் சிக்கலைப் பற்றி ஆங்கிலத்தில் முப்பது வருட எழுத்து இருக்கிறது. ஓகாரக் கொம்பு பிரிவதைப் பற்றித் தமிழில் எத்தனை பக்கம் பார்த்திருக்கீங்க?

யார் எழுதுவது, எப்படி எழுதுவது

இங்கேதான் புலம்பெயர்ந்த நம்ம கூட்டத்துக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கோங்க. பல நாட்டில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை டைப் செய்து ஒருங்கிணைத்தார்கள். டிஸ்கி குறியாக்கம், பிறகு யூனிகோட். டிஸ்கியில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். அந்த மாற்றத்தை எல்லாம் கடந்து வந்த கூட்டம் இது. இன்றைக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மாணவர் பட்டியல், சங்கத்து மலர், தாத்தாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து தட்டச்சு செய்தது என்று, ஒரு நாட்டு மேக்கிலிருந்து இன்னொரு நாட்டு விண்டோஸுக்கும், அங்கிருந்து யாரோ ஒருவருடைய லினக்ஸ் சர்வருக்கும் தமிழ்க் கோப்புகள் போய்க்கொண்டே இருக்கின்றன. மூன்று ஓஎஸ்ஸும் ஒரே குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற ஆட்கள் நாம். 1998இல் மேக்பெர்ல்காரருக்கு இருந்த இடம் இப்போது நமக்கு.

அதற்குப் பெரிய திட்டம், நிதி, மாநாடு எதுவும் வேண்டாம். ஒரு வேறுபாட்டுக்கு ஒரு பத்தி போதும். அதில் ஐந்து விஷயம் இருந்தால் சரி: என்ன மாறுகிறது, எந்த ஓஎஸ்ஸில் எந்தப் பதிப்பில், எப்போது சரிபார்த்தது, எப்படித் தவிர்ப்பது, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு சின்னச் சோதனை. மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"ஒ, ஓ, ஔ குறிகள் உள்ள கோப்புப் பெயர்கள், ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கில் பிரிந்த வடிவில் சேமிக்கப்படும். லினக்ஸ் கோப்பு முறைமைகளில் கொடுத்த வடிவிலேயே இருக்கும். பெயர்களை ஒப்பிடும் முன் இரு பக்கமும் ஒரே வடிவத்துக்கு மாற்றவும். சோதனை: கோவை என்ற பெயரில் கோப்பு உருவாக்கி, ஃபோல்டரைப் படித்து, பெயரின் பைட்டுகளை எண்ணவும். 12 என்றால் சேர்ந்த வடிவம், 15 என்றால் பிரிந்த வடிவம்." இதன் கீழே தேதி, ஓஎஸ் பதிப்பு, பெர்ல் பதிப்பு.

அவ்வளவுதான். ஒருவர் உட்கார்ந்து சோதனையோடு எழுதினால் ஒரு மாலை வேலை. இதைத் தமிழில் எழுதி வைத்தால் நம்ம ஆட்களுக்கு உதவும். அதையே ஆங்கிலத்தில் சுருக்கி அந்தந்த மொழியின் ஆவணத்துக்குத் திருத்தமாக அனுப்பினால், மலையாளமும் வங்காளமும் எழுதுகிறவர்களுக்கும் உதவும். அவர்களுடைய ஒகர ஓகாரக் குறிகளும் இதே மாதிரி பிரியக் கூடியவைதான். ஆவணத் திருத்தத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். ஓஎஸ்ஸும் பதிப்பும் குறிப்பிட்டு, ஓட்டிப் பார்க்கக்கூடிய சோதனையோடு வருகிற பத்தியை எந்தத் திட்டப் பராமரிப்பாளரும் லேசில் தள்ளிவிட மாட்டார். நிரல் திருத்தத்தை விட அதைச் சரிபார்ப்பது அவருக்குச் சுலபம்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்ககிட்ட பழைய மேக் இருந்தால், அதில் தமிழ்ப் பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, பென் டிரைவிலும் மெயிலிலும் இன்னொரு கணினிக்கு அனுப்பி, என்ன ஆனது என்று பதிப்பு எண்ணோடு குறித்து அனுப்பினாலே அது ஆவணத்துக்கான பாதி மூலப்பொருள்.

அதனால் இந்த மடலுக்குப் பதில் போடுங்க. நீங்க பார்த்த ஒரு வேறுபாடு, ஒரே ஒன்று போதும். எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, எந்த எழுத்து என்று மூன்றையும் குறிப்பிடுங்க. வந்தவற்றைச் சோதித்துப் பார்த்துத் தேதியோடு ஒரே பக்கமாகத் தொகுத்து இதே மடலில் வெளியிடுகிறோம். முதல் குறிப்பாகக் கோவை ஏற்கெனவே சேர்ந்தாச்சு. ஔகாரத்தை யாராவது எடுத்துக்கோங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.